நாவலில் சொல், திரையில் காட்சி: டோல்கீன் புனைவின் திரையாக்கம் – ஒரு மொழியியல் நோக்கு

0. முன்னுரை

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் ஆங்கில நாவல் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஃபேன்டஸி என வழங்கும் மிகுபுனைவு வகைக்கு இருபதாம் நூற்றாண்டில் வடிவம் தந்த நூல்களுள் இது தலையாயது. நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இந்நாவலை 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாக ஆக்கினார். மூன்றாவது படம் 2004ஆம் ஆண்டு விழாவில் 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது.

நாவலுக்கும் திரைப்படங்களுக்கும் இடையிலான வேறுபாடுகள் பலராலும் பட்டியலிடப்பட்டுள்ளன. டாம் பாம்படில் என்னும் பாத்திரம் படத்தில் இல்லை. பில்போ ஊரைவிட்டு நீங்குவதற்கும் ஃப்ரோடோ பயணம் புறப்படுவதற்கும் இடையே நாவலில் கழியும் 17 ஆண்டுகள் படத்தில் சுருங்கிவிடுகின்றன. ஆற்றைக் கடந்து ஃப்ரோடோவைக் காக்கும் பணி, நாவலில் சிறிதளவே தோன்றும் ஆர்வெனுக்குப் படத்தில் தரப்படுகிறது. போருக்குப்பின் ஹாபிட்டுகள் தம் ஊரைப் பகைவரிடமிருந்து மீட்கும் இறுதிப் பகுதி முற்றிலும் நீக்கப்பட்டுள்ளது. இவை கதைக்கூறுகளைச் சார்ந்த வேறுபாடுகள். 1000 பக்கங்களுக்கு மேற்பட்ட நாவலைச் சில மணி நேரத்தில் காட்ட முற்படும் எவரும் இத்தகைய நீக்கங்களைச் செய்தே ஆகவேண்டும். ஆகவே இவற்றைக் கொண்டு மட்டும் திரையாக்கத்தின் இயல்பை உணர இயலாது.

இக்கட்டுரை வேறொரு வேறுபாட்டை ஆராய முற்படுகிறது. நாவலின் உலகில் சொல் என்பது செய்தியைத் தெரிவிக்கும் கருவி மட்டுமன்று. அது மாந்தரைப் பிணிக்கும் ஆற்றலுடையது. வாக்குறுதி, சூளுரை, சாபம், விளி, கட்டளை ஆகியவை கதையின் போக்கைத் தீர்மானிக்கின்றன. திரைப்படம் இவ்வாற்றலைச் சொல்லிடமிருந்து எடுத்துக் காட்சியிடம் ஒப்படைக்கிறது. நீக்கப்பட்ட பகுதிகளைக் காட்டிலும் இம்மாற்றமே ஆழமானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. ஆய்வுக்குரிய அடிப்படைகள்

ரோமன் யாகப்சன் 1959இல் எழுதிய கட்டுரையில் மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்தினார். ஒரு மொழிக்குள்ளேயே வேறு சொற்களால் கூறுதல் ஒன்று. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்தல் மற்றொன்று. மொழிக்குறிகளை மொழியல்லாத குறிகளால் பெயர்த்தல் மூன்றாவது. திரையாக்கம் இம்மூன்றாம் வகையைச் சாரும். எனினும் பேசும் படம் மொழியை முற்றிலும் கைவிடுவதில்லை. அது உரையாடலைத் தக்கவைத்துக் கொண்டு, எடுத்துரைப்பவரின் மொழியைப் பெரிதும் விலக்குகிறது. ஆகவே நாவலின் எந்த மொழிக்கூறு உரையாடலாக எஞ்சுகிறது, எது முகபாவமாகவும் ஒளியாகவும் இசையாகவும் மாறுகிறது, எது இரண்டுமின்றி மறைகிறது என்பதே ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா.

ஜே.எல். ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாடு இவ்வினாவுக்குத் துணைசெய்யும். அவர் 1955இல் ஆற்றிய சொற்பொழிவுகள் 1962இல் நூலாயின. சில சொற்றொடர்கள் ஒன்றை விவரிப்பதில்லை. அவற்றைச் சொல்லுதலே ஒரு செயலைச் செய்தலாகும் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. 'வாக்களிக்கிறேன்' என்பவர் வாக்களித்தல் என்னும் செயலை அச்சொல்லாலேயே செய்து முடிக்கிறார். தமிழ் மரபு இதனை நன்கறியும். புறத்திணையில் வஞ்சினக் காஞ்சி எனத் தனித்துறையே வகுக்கப்பட்டுள்ளது. பாண்டியன் நெடுஞ்செழியன் கூறும் வஞ்சினம் (புறம். 72) அவனது மனநிலையை விவரிப்பதோடு நில்லாமல், அவனைக் கட்டும் செயலாகவும் அமைகிறது.

டோல்கீன் ஆக்ஸ்போர்டில் முதலில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராகவும் பின்னர் ஆங்கில மொழி, இலக்கியப் பேராசிரியராகவும் பணியாற்றியவர். ஆஸ்டினும் அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவரே. ஒருவர் மற்றவரைப் பின்பற்றினார் என்பது இங்குக் கூறவரும் செய்தியன்று. பழைய ஆங்கிலம், பழைய நார்ஸ் இலக்கியங்களில் தோய்ந்த ஒருவருக்குச் சொல்லின் பிணிப்பு பற்றிய உணர்வு அவ்விலக்கியங்களிலிருந்தே கிட்டியிருக்கும் என்று கருதலாம்.

1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக்கதைகள் பற்றி ஆற்றிய உரையில் டோல்கீன், மிகுபுனைவு சொற்களுக்கே உரியது என்றும், நாடக மேடை அதற்குப் பகையானது என்றும் வாதிட்டார். அவர் கருதியது மேடையைத்தான். கணினி வரைகலை பெற்ற திரைப்படத்தை அன்று. மேடையில் நம்பவைக்க இயலாதவற்றை இன்றைய திரை எளிதாக நம்பவைத்துவிடுகிறது. அவ்வாற்றலே வேறொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. மொழிபெயர்ப்பு என்னும் புனைவு

இந்நாவல் தன்னை ஒரு மொழிபெயர்ப்பாகவே முன்வைக்கிறது. ஹாபிட்டுகள் எழுதிவைத்த செந்நூல் ஒன்று கிடைத்தது. அது 'பொதுமொழி'யில் இருந்தது. அதனை ஆசிரியர் ஆங்கிலத்தில் பெயர்த்தார் என்பது புனைவின் சட்டகம். நூலின் ஆறாம் பின்னிணைப்பு இம்மொழிபெயர்ப்பின் நெறிகளை விளக்குகிறது. ரோஹன் நாட்டாரின் மொழிக்கும் பொதுமொழிக்கும் உள்ள உறவு, பழைய ஆங்கிலத்திற்கும் இன்றைய ஆங்கிலத்திற்கும் உள்ள உறவை ஒத்தது. ஆகவே ரோஹன் பெயர்கள் பழைய ஆங்கில வடிவில் தரப்பட்டன என்கிறார் ஆசிரியர். எயோமர், எயோவின் ஆகிய பெயர்களில் குதிரையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அமைந்திருத்தல் காண்க. குதிரை வீரர் நாட்டின் அரச குடியினர்க்கு அப்பெயர்கள் பொருந்துகின்றன.

திரைப்படம் மொழிகளைப் புறக்கணித்தது என்று கூற இயலாது. மொழியியலாளர் டேவிட் சாலோ, டோல்கீன் படைத்த மொழிகளின் இலக்கணத்தைப் பின்பற்றிப் படத்திற்கான உரையாடல்களையும் பாடல் வரிகளையும் ஆக்கித் தந்தார். ஆண்ட்ரூ ஜாக் முதலிய ஒலிப்புப் பயிற்றுநர்கள் நடிகர்க்குப் பயிற்சியளித்தனர். நாவலில் எல்ஃபிய மொழி சில வாழ்த்துகளாகவும் பாடல்களாகவும் மட்டுமே வர, படத்தில் அரகார்னும் ஆர்வெனும் சிந்தாரின் மொழியில் நெடிது உரையாடுகின்றனர். இரண்டாம் படத்தின் விரிவாக்கப் பதிப்பில் எயோவின் இறந்தவனுக்காகப் பாடும் ஒப்பாரி பழைய ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளது. இது நாவலின் நெறியை நன்குணர்ந்து செய்த ஒன்று. சாம் என்னும் தோட்டக்காரனின் பேச்சில் இங்கிலாந்தின் மேற்கு நாட்டுப்புற ஒலிப்பு கேட்கிறது.

எனினும் இவ்விடத்தில் மொழியின் பணி மாறுபடுதல் நோக்கத்தக்கது. படத்தில் எல்ஃபிய மொழி கேட்கும்போது பார்வையாளர் அதன் பொருளைத் திரையின் அடியில் வரும் எழுத்துகளால் அறிகிறார். பொருள் ஆங்கிலத்தில் கிடைக்க, ஒலி அழகுக்காக எஞ்சுகிறது. அந்த ஒலி 'இவர்கள் வேறு இனத்தார், பழமையானவர்கள்' என்னும் ஒரே செய்தியைத் தருகிறது. நாவலில் மொழி வேறுபாடு ஒருவருடைய வரலாற்றையும் தகுதியையும் பிறரோடு கொண்ட உறவையும் காட்டும் அமைப்பு. படத்தில் அது இனத்தைக் காட்டும் அடையாளம்.

3. முன்னிலைப் பெயர்களும் மரியாதையும்

தமிழ் வாசகர்க்கு இந்நாவலில் மிகவும் சுவை பயக்கும் மொழிச்செய்தி ஒன்று மேற்கூறிய பின்னிணைப்பிலேயே உள்ளது. பொதுமொழியில் முன்னிலைப் பெயர்கள் நெருக்க வடிவம், மரியாதை வடிவம் என இருவகைப்படும். ஹாபிட்டுகளின் பேச்சில் மரியாதை வடிவம் வழக்கிழந்துவிட்டது. பிப்பின் என்னும் இளைய ஹாபிட் கோண்டோர் நாட்டின் தலைநகரை அடைந்த முதல் சில நாள்களில், அந்நாட்டை ஆளும் டெனதோர் உட்பட எல்லோரையும் நெருக்க வடிவத்தாலேயே அழைத்தான். முதியவரான டெனதோர்க்கு இது நகைப்பைத் தந்திருக்கலாம், பணியாளர்களோ திகைத்திருப்பர். ஆட்சித்தலைவரையே இவ்வாறு அழைப்பவன் தன் நாட்டில் பேரரச குடியினனாகத்தான் இருக்கவேண்டும் என்னும் வதந்தி நகரில் பரவ இதுவும் ஒரு காரணம் என்கிறது பின்னிணைப்பு.

பிரௌன், கில்மன் இருவரும் 1960இல் வெளியிட்ட ஆய்வில் முன்னிலைப் பெயர்களின் தேர்வை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுகளால் விளக்கினர். டோல்கீன் கூறும் நிகழ்ச்சி அவ்விரு அச்சுகளும் மோதும் இடம். ஹாபிட் ஊரின் சமநிலைச் சமுதாயத்தில் இயல்பான ஒரு சொல், படிநிலைச் சமுதாயத்தில் உயர்குடிப் பிறப்பின் சான்றாகத் தவறாகப் பொருள்கொள்ளப்படுகிறது. தமிழில் இந்நிகழ்ச்சியை விளக்கவே தேவையில்லை. அரசவையில் ஒருவன் ஆட்சித்தலைவரை 'நீ' என்று விளித்தால் அவை என்னாகும் என்பதைத் தமிழ் பேசும் சிறுவனும் அறிவான். ஒருவரைப் பன்மையால் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் உயர்சொற் கிளவி என்று குறித்து, அது வழக்கில் உள்ளதே அன்றி இலக்கண நெறியன்று என வேறுபடுத்துகிறார். புறநானூற்றுப் புலவர் வேந்தரை நீ என்றே விளித்தனர். பின்னைய தமிழிலோ நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிநிலை விரிந்தது.

இன்றைய ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே டோல்கீன் அதனை உரையாடலில் காட்ட இயலாமல் பின்னிணைப்பில் கூறினார். சில இடங்களில் மட்டும் வழக்கிழந்த ஒருமை முன்னிலையான 'தௌ', 'தீ' என்னும் வடிவங்களைக் குறிப்பாகப் பயன்படுத்தினார். அவற்றுள் குறிப்பிடத்தக்கது எயோவின் அரகார்னிடம் விடைபெறும் இடம். தொடக்கத்தில் பொது வடிவத்தால் பேசுபவள் இறுதியில் நெருக்க வடிவத்திற்கு மாறுகிறாள். தன் அன்பை அவள் நேராகக் கூறவில்லை; உடன்செல்வோர் அவனிடம் கொண்ட அன்பைப் பற்றியே பேசுகிறாள். ஆயினும் முன்னிலைப் பெயர் அவள் நெஞ்சை வெளிப்படுத்திவிடுகிறது. அரகார்ன் தன் விடையில் பொது வடிவத்தை விட்டு நீங்கவில்லை. ஒரு காதல் வேண்டுகோளும் அதன் மறுப்பும் பெயர்ச்சொல்லின் தேர்வில் நிகழ்ந்துவிடுகின்றன.

படத்தில் அதே விடைபெறல் உண்டு. எயோவினின் கண்களும் குரலின் நடுக்கமும் அண்மைக் காட்சியும் அவள் உணர்வைத் தெளிவாகக் காட்டுகின்றன. முன்னிலைச் சொல் மாறுவதில்லை. பார்வையாளர் அவளது துயரை அறிகிறார். ஆனால் நாவலில் அவள் எல்லையொன்றைத் தாண்டினாள். படத்தில் அவள் உணர்ச்சிவயப்பட்டாள். முன்னது செயல், பின்னது நிலை. பிப்பினின் நெருக்க வடிவமோ படத்தில் இடம்பெறவே வழியில்லை. நாவலின் உரையாடலிலேயே புலப்படாத ஒன்றைப் படத்திடம் எதிர்பார்த்தல் முறையாகாது. எனினும் சாம் தன் தலைவனை எப்போதும் 'மிஸ்டர் ஃப்ரோடோ' என்றே விளிப்பதைப் படம் தக்கவைத்துக் கொண்டது என்பதையும் சொல்லவேண்டும்.

4. வாக்கின் பிணிப்பு

திரையாக்கத்தில் மிகுதியான விவாதத்திற்கு உள்ளான மாற்றம் ஃபாரமிர் பற்றியது. டெனதோரின் இளைய மகனான ஃபாரமிர், பகைவனின் மோதிரத்தைச் சுமந்துசெல்லும் ஃப்ரோடோவைக் காட்டில் சந்திக்கிறான். அழிவுசெய்யும் அம்மோதிரம் தன் நாட்டைக் காக்கப் பயன்படும் என்று அவன் எண்ண இடமுண்டு. நாவலில் அவன், ஃப்ரோடோவிடம் இருப்பது இன்னதென்று தெளிவாக அறியுமுன்பே, அத்தகைய பொருள் வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று கூறிவிடுகிறான். பின்னர் உண்மை வெளிப்படுகிறது. அப்போது அவன், தான் அறியாது கூறிய சொல்லையும் ஒரு சூளாகவே கொண்டு அதற்குக் கட்டுப்படுவதாகக் கூறுகிறான். பேச்சுச்செயல் கோட்பாட்டின்படி இது அரிய நிலை. கூறும்போது வாக்குறுதியாக எண்ணப்படாத சொல்லைக் கூறியவனே பின்னர் வாக்குறுதியாக ஏற்கிறான். அவனது மேன்மை ஆசையின்மையில் இல்லை. தன் சொல்லுக்குத் தன்னைக் கொடுத்ததில் உள்ளது.

இரண்டாம் படத்தில் ஃபாரமிர் மோதிரத்தைக் கோண்டோருக்குக் கொண்டுசெல்ல முடிவுசெய்து, ஹாபிட்டுகளை ஓஸ்கிலியாத் நகரின் இடிபாடுகள்வரை அழைத்துச் செல்கிறான். அங்கு நிகழ்வனவற்றைக் கண்ணால் கண்டபின் மனம் மாறி விடுவிக்கிறான். மோதிரம் யாரையும் மயக்கும் என்று நிறுவிய பின்னர், மயங்காத ஒருவனைக் காட்டினால் அதன் அச்சம் குலையும் என்பது திரைக்கதையாசிரியர்கள் இம்மாற்றத்திற்குக் கூறிய காரணம். நாடக நெறியில் இது வலுவான வாதமே. நாவலின் ஃபாரமிர் முன்பே கூறிய சொல்லால் வெல்கிறான்; அவ்வெற்றியைத் திரையில் காட்ட ஒன்றுமில்லை. படத்தின் ஃபாரமிர் தவறிப் பின் திருந்துகிறான். திருந்துதல் காட்சிக்கு உகந்தது.

பிப்பின் டெனதோருக்குப் பணிசெய்ய ஏற்கும் உறுதிமொழியைப் படம் காட்டுகிறது. ஆனால் உறுதிமொழியின் விளைவு படத்தில் வேறாகிறது. நாவலில் பெரகோண்ட் என்னும் காவலன், உயிரோடு எரிக்கப்படவிருந்த ஃபாரமிரைக் காக்கத் தன் காவலிடத்தை விட்டு நீங்குகிறான். புனித இடத்தில் குருதி சிந்துகிறான். அன்பினால் செய்ததாயினும் கடமை மீறியது மீறியதே. போருக்குப்பின் அரசனான அரகார்ன் அவனை நகரைவிட்டு நீங்க ஆணையிடுகிறான்; அதே ஆணையில் ஃபாரமிரின் காவற்படைத் தலைவனாகவும் அமர்த்துகிறான். தண்டனையும் பரிசும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. படத்தில் பெரகோண்ட் இல்லை. ஆகவே கடமைக்கும் அன்புக்கும் இடையே சொல்லால் தீர்க்கப்படும் அவ்வழக்கும் இல்லை.

இவ்வேறுபாட்டின் உச்சம் கதையின் முடிவில் உள்ளது. கோல்லம் என்னும் சீரழிந்த உயிர் மோதிரத்தின் பெயரால் ஃப்ரோடோவுக்கு வாக்களிக்கிறது. அந்த வாக்கு உன்னைப் பிடித்துக்கொள்ளும், உன்னையே திருப்பித் தாக்கும் என்று ஃப்ரோடோ எச்சரிக்கிறான். பின்னர் நெருப்பு மலையின் சரிவில், மீண்டும் என்னைத் தீண்டினால் நீயே அந்நெருப்பில் வீழ்த்தப்படுவாய் என்னும் சொல் எழுகிறது. சாமின் கண்களுக்கு அக்குரல் நெருப்புச் சக்கரம் ஒன்றிலிருந்து வருவதாகத் தோன்றுகிறது. மலையின் உள்ளே கோல்லம் ஃப்ரோடோவின் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறிக்கிறது. மகிழ்ச்சியில் ஆடி விளிம்பில் கால் தவறி வீழ்கிறது. யாரும் தள்ளவில்லை. தற்செயல் போலத் தோன்றுவது உண்மையில் வாக்கு மீறலுக்கும் சாபத்திற்கும் உரிய நிறைவேற்றம்.

படத்தில் வாக்களிக்கும் காட்சி உண்டு. சரிவில் எழும் சாபம் இல்லை. நீ மோதிரத்தின் மேல் ஆணையிட்டாயே என்று ஃப்ரோடோ கேட்க, அது பொய் என்று கோல்லம் விடையிறுக்கிறது. இவ்விடையோடு அவ்வாக்கின் ஆற்றல் முடிந்துவிடுகிறது. அது மீறப்பட்ட வெறும் பொய்யாகிறது. விளிம்பில் ஃப்ரோடோ கோல்லத்தோடு மீண்டும் போராட, இருவரும் சரிகின்றனர்; கோல்லம் நெருப்பில் வீழ, ஃப்ரோடோ தொங்கிக்கொண்டு சாமின் கையால் மீட்கப்படுகிறான். காட்சி வலிமையானது. ஆனால் காரணம் மாறிவிட்டது. நாவலில் கோல்லத்தை வீழ்த்தியது சொல். படத்தில் வீழ்த்தியது உடற்போர். ஃப்ரோடோ இறுதியில் தோற்றான், சொல்லே பணியை முடித்தது என்னும் நாவலின் கடுமையான முடிவு, ஃப்ரோடோவின் கை அதில் பங்கேற்றது என்னும் முடிவாக மென்மையடைகிறது.

5. குரலின் ஆற்றல்

சாருமான் என்னும் மந்திரவாதியின் முதன்மை ஆயுதம் அவனது குரல். நாவலில் 'சாருமானின் குரல்' என்றே ஓர் இயல் உள்ளது. அவன் பேசியதைக் கேட்டவர்கள், அவன் கூறிய சொற்களைப் பின்னர் எடுத்துரைக்க இயலாதிருந்தனர். எடுத்துரைத்தாலும் அவற்றில் ஆற்றல் ஏதும் எஞ்சவில்லை. அவன் பேசும்போது பிறர் பேச்சு கரடுமுரடாக ஒலித்தது. கருத்தினால் அன்றி நயத்தினால் இணங்கவைக்கும் பேச்சின் இலக்கணத்தை இதனினும் செறிவாகக் கூறுதல் அரிது. நெடுநேரம் பேசாதிருந்த அரசன் தியோடன் இறுதியில் மறுத்துரைக்கும்போது, அவன் குரல் சொந்த வீரர்க்கே கிழக்காகத்தின் குரல் போல ஒலிக்கிறது. உண்மை இனிமையற்றது என்பது அங்கு ஒலியின் தளத்திலேயே காட்டப்படுகிறது.

இதனைப் படமாக்குவதில் உள்ள இடர்ப்பாடு வெளிப்படை. கேட்டவர் மறந்துவிடும் சொற்களைப் பார்வையாளர் கேட்டே தீரவேண்டும். சாருமானாக நடித்த கிறிஸ்டஃபர் லீ ஆழ்ந்த குரல்வளம் உடையவர். எனினும் எடுத்துரைப்பவரின் விளக்கமின்றி மயக்கத்தை நிறுவுதல் எளிதன்று. மூன்றாம் படம் 2003இல் திரையரங்குகளில் வெளியானபோது இக்காட்சி நீக்கப்பட்டிருந்தது. 2004இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. ஆனால் அதில் சாருமான் கோபுர உச்சியில் கத்தியால் குத்தப்பட்டுக் கீழே வீழ்ந்து இறக்கிறான்.

தியோடன் முதலில் தோன்றும் இடத்திலும் இம்மாற்றம் நிகழ்கிறது. நாவலில் அரசனை முதுமையும் சோர்வும் பீடித்தது அமைச்சன் வார்ம்டங் நாள்தோறும் காதில் ஓதிய சொற்களால். கான்டால்ஃப் அவனை வெளியே அழைத்துவந்து காற்றையும் நாட்டையும் காணச்செய்ய, அரசன் நிமிர்கிறான். இரண்டாம் படத்தில் தியோடனின் உடலுக்குள் சாருமானே புகுந்திருக்கிறான். கான்டால்ஃப் பேயோட்டுவது போல அவனை விரட்ட, அரசனின் முகம் கண்முன்னே இளமையடைகிறது. அறிவுரை என்னும் பெயரால் மெல்ல நஞ்சூட்டும் பேச்சு, மந்திரப் பிடிப்பாக மாறிவிடுகிறது. மந்திரத்திற்கு ஆட்பட்டவன் பொறுப்பற்றவன்; பேச்சுக்குச் செவிசாய்த்தவனோ தானும் ஒரு பங்கு பொறுப்புடையவன். இவ்வேறுபாடு சிறிதன்று.

நீக்கப்பட்ட இறுதிப் பகுதியையும் இதனோடு சேர்த்தே நோக்கவேண்டும். ஹாபிட்டுகள் திரும்பிவரும்போது தம் ஊரில் சுவர்தோறும் விதிகளின் பட்டியல்கள் ஒட்டப்பட்டிருக்கக் காண்கின்றனர். விளைச்சலைப் 'பகிர்வதற்காகத் திரட்டுவோர்' என்று சிலர் அமர்த்தப்பட்டுள்ளனர்; திரட்டல் நடக்கிறது, பகிர்தல் நடப்பதில்லை. இதன்பின் இருப்பவன் சாருமானே. கோபுரத்தில் இனிய குரலாக இருந்தது ஊரில் அலுவலக மொழியாக, இடக்கரடக்கல் போன்ற மங்கல வழக்காக, எழுதிய விதியாகத் தேய்ந்து தொடர்கிறது. பிப்பின் அப்பட்டியல்களைக் கிழித்தெறிதல் மொழியின் மேல் தொடுக்கும் போர். இப்பகுதி நீங்கியதால் கதையின் நீளம் குறைந்தது. அதனுடன் அதிகாரத்தின் மொழி பற்றிய நாவலின் சிந்தனையும் முடிவுபெறாது நின்றது.

6. திரை வென்ற இடங்கள்

மொழிசார்ந்த நுட்பங்கள் எல்லாம் திரையில் அழிந்தன என்று முடிவுசெய்தல் பொருந்தாது. இரு சான்றுகள் இதனை உணர்த்தும்.

மோரியா வாயிலில் எழுதப்பட்ட தொடர் ஒரு தொடரியல் புதிர். 'நண்பன்' என்னும் சொல் விளியா, சொல்லவேண்டிய சொல்லா என்பதே ஐயம். விளியாகக் கொண்டு மறைச்சொல்லைத் தேடிய கான்டால்ஃப் நெடுநேரம் தோற்கிறான். அதுவே சொல்லவேண்டிய சொல் எனக் கண்டபோது கதவு திறக்கிறது. படமும் இப்புதிரைக் காக்கிறது. விடை காண்பவன் மட்டும் ஃப்ரோடோவாகிறான். ஆங்கிலத்தில் விளிக்கு உருபின்மையால் இம்மயக்கம் தானே அமைகிறது. தமிழில் 'நண்பனே' என்றதும் புதிர் உடைந்துவிடும். உருபேற்காது இயல்பாக நிற்கும் விளி வேண்டும். இக்காலத் 'தோழர்' என்னும் விளி அதற்கு உதவக்கூடும்.

இரண்டாவது சான்று கோல்லத்தின் பேச்சு. அது தன்னைப் பெரும்பாலும் தன்மைப் பன்மையால் குறிக்கிறது. அரிதாக ஒருமையைப் பயன்படுத்தும்போது பழைய நேர்மையின் எச்சம் மேலெழுவதாக ஃப்ரோடோ உணர்கிறான். ஓர் உயிருக்குள் இருவர் பேசுவதை நாவலில் சாம் ஒட்டுக்கேட்கிறான். படம் இவ்விடத்தில் நாவலுக்கு ஈடுகொடுப்பதோடு ஒருபடி மேலும் செல்கிறது. நடிகர் ஆண்டி செர்கிஸ் இரு குரல்களைத் தருகிறார். ஒளிப்படக்கருவி முதலில் ஒரே தொடர்காட்சியில் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்திற்கு நகர்வது போல இயங்கி, பின்னர் இருவர் உரையாடலைக் காட்டுவது போல வெட்டி மாற்றிக் காட்டுகிறது. இலக்கணத்தில் 'நாம்' என்னும் ஒற்றைச் சொல் சுமந்த பிளவைக் காட்சியின் வெட்டு சுமக்கிறது. இது யாகப்சன் கூறிய மூன்றாம் வகைப் பெயர்ப்பின் வெற்றி. பெயர்ச்சொல்லுக்கு நிகரான ஒரு காட்சி இலக்கணத்தைத் திரை இங்குக் கண்டறிந்துள்ளது.

இவ்வெற்றியே முன்னர்க் கூறிய குறையை அளக்கும் கோலாகவும் அமைகிறது. கோல்லத்தின் பிளவு ஒரு மனநிலை. மனநிலையைக் காட்சி காட்டும். ஃபாரமிரின் சூளும் கோல்லத்தின் வாக்கும் மனநிலைகள் அல்ல; அவை காலத்தைக் கடந்து நின்று பிணிக்கும் செயல்கள். நேற்றுக் கூறிய சொல் இன்று ஒருவனைத் தடுப்பதைக் கண்ணுக்குக் காட்டத் திரைக்கு எளிய வழியில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன புலனாகும். திரைப்படங்கள் நாவலின் மொழிகளை ஒலியளவில் மதித்துப் போற்றின. சிலவிடங்களில் நாவலினும் மிகுதியாக ஒலிக்கச் செய்தன. மொழி மனநிலையைக் காட்டும் இடங்களில் அவை நிகரான காட்சி வடிவங்களைக் கண்டன. ஆனால் மொழி செயலாக நின்று பிணிக்கும் இடங்களில், அதாவது சூள், வாக்கு, சாபம், இணங்கவைக்கும் பேச்சு ஆகியவற்றில், சொல்லுக்கு மாற்றாக மந்திரத்தையும் உடற்போரையும் மனமாற்றத்தையும் அமர்த்தின. மிகுபுனைவில் எதையும் காட்ட வல்ல திரை, காட்டமுடிந்தவற்றையே காரணமாக்கும் இயல்புடையது.

இதனால் திரையாக்கம் தாழ்ந்தது என்று கூறவேண்டுவதில்லை. நாவலையும் படத்தையும் ஒப்பிடுவோர் எந்த நிகழ்ச்சி விடுபட்டது என்று எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல், எஞ்சிய நிகழ்ச்சிகளில் எது எதற்குக் காரணமாயிற்று என்று கேட்கவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. கோல்லம் இரண்டிலும் நெருப்பில் வீழ்கிறது. கதைச் சுருக்கத்தில் வேறுபாடு தோன்றாது, காரணத்தில் தோன்றும்.

இந்திய மொழிகளில் பணியாற்றுவோர்க்கு ஒரு செய்தி எஞ்சுகிறது. முன்னிலைப் பெயர்களின் வேறுபாட்டை ஆங்கிலத்தில் காட்ட வழியில்லை என்று டோல்கீன் பின்னிணைப்பில் எழுதினார். ஆங்கிலப் படத்திற்கும் அவ்வழி அடைபட்டதே. தமிழில் பெயர்ப்பவர்க்கும் குரல்மாற்றம் செய்பவர்க்கும் அது திறந்துள்ளது. பிப்பின் டெனதோரை 'நீ' என்னலாம், அவை திகைக்கலாம். எயோவின் 'நீங்கள்' என்று தொடங்கி 'நீ' என்று முடிக்கலாம். அரகார்ன் 'நீங்கள்' என்பதிலேயே நிற்கலாம். உதட்டசைவுக்கும் நேர அளவுக்கும் மட்டும் உரையாடலைப் பொருத்தி, எல்லோர்க்கும் ஒரே முன்னிலையை வழங்கிவிட்டால் இவ்வாய்ப்பு வீணாகும். மூலநூல் தன்னை மொழிபெயர்ப்பு என்று கூறிக்கொள்கிறது. அம்மொழிபெயர்ப்பில் ஆங்கிலம் இழந்த ஒன்றைத் தமிழ் மீட்டுத் தர இயலும்.